அப்பாவின் துப்பாக்கியும் பதினாறு மாதமும்

2024 மார்ச் 16ஆம் தேதி மக்களவைத் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். இரண்டு நாள் கழித்து, காலையில் உளுந்து வயலில் நின்றுகொண்டிருந்தபோது காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. அப்பா பெயரைச் சொல்லி, "துப்பாக்கி இன்னும் வரலையே, எப்ப கொண்டாந்து ஒப்படைக்கப் போறாரு?" என்று கேட்டார்கள். அப்பா இறந்து அப்போது பதினாறு மாதம் ஆகியிருந்தது. "அப்பா இல்லைங்கய்யா, 2022 ஐப்பசியில தவறிட்டாங்க" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்ப துப்பாக்கி யார்கிட்ட இருக்கு?" என்று குரல் மாறிக் கேட்டார்கள். எனக்குக் கால் நடுங்கி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். துப்பாக்கி வீட்டில் பீரோவுக்குள் இருந்தது. அது இருப்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். அதை வைத்து நான் என்ன செய்யப் பார்த்தேன் என்பது தெரியாது. அதையும் மறைக்காமல் எழுதினால்தான் இதைப் படிக்கிறவர்களுக்குப் பிரயோஜனம்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்தில் ஓய்வு பெற்று வரும் ராணுவத்தார் நிறையப் பேர் சொந்த உரிமத்தில் ஒரு துப்பாக்கி வாங்கிக்கொண்டு வங்கியில் கன்மேன் வேலைக்குப் போவார்கள். துப்பாக்கி இருந்தால்தான் வேலை. அப்பாவும் அப்படித்தான் 2004இல் 12 போர் (குழலின் அளவு) பம்ப் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும் வகை. 60 வயது வரை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வங்கி வாசலில் நின்றார். ஒரு நாள்கூடச் சுட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் பழைய வேட்டியை விரித்து அதன் மேல் வைத்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். தேர்தல் வந்தால் முதல் ஆளாக நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார். அந்த ரசீதுகளை ஒன்று விடாமல் ஒரு டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். அவைதான் பின்னால் என்னைக் காப்பாற்றின.

அப்பா இறந்தபோது அவருக்கு 72 வயது. கருமாதி, நிலப்பட்டா மாற்றம், பென்ஷனை அம்மா பெயருக்கு மாற்றுவது என்று ஆறு மாதம் ஓடியது. வங்கிக் கணக்கை நினைத்தோம், கேஸ் இணைப்பைக்கூட நினைத்தோம். துப்பாக்கியை யாரும் நினைக்கவில்லை. நினைத்தபோதும், "அப்பா பொருள்தானே, வீட்டுலயே இருக்கட்டும்" என்று அம்மா சொன்னார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உரிமம் அப்பா என்ற ஆளுக்குக் கொடுத்தது, துப்பாக்கிக்கோ குடும்பத்துக்கோ கொடுத்ததில்லை என்ற எளிய விஷயம் அப்போது எனக்குப் புரியவில்லை. அவர் மூச்சு நின்ற நாளோடு உரிமமும் நின்றுபோனது. அதன் பிறகு அந்த வீட்டில் அந்தத் துப்பாக்கி இருந்த ஒவ்வொரு நாளும் உரிமம் இல்லாத துப்பாக்கியை நான் வைத்திருந்த நாள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 21ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வைத்திருக்கும் உரிமை முடிந்ததும் தேவையில்லாத தாமதம் இல்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைப்பதால் பொருள் நம் கையைவிட்டுப் போய்விடாது. வாரிசு உரிமம் கேட்கவோ, விற்கவோ நமக்கு வழி இருக்கிறது. இது தெரிந்திருந்தால் கருமாதி முடிந்த மறுநாளே போயிருப்பேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர் உயிரோடு இருந்து, அவரிடம் உரிமத் துப்பாக்கி இருந்தால், அவர் இருக்கும்போதே பிள்ளைக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில், உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆனாலோ, அவர் அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறது. அப்பாவுக்கு 2020இலேயே 70 ஆகிவிட்டது. இரண்டு ஆண்டு எங்கள் கையில் இருந்தது. அவரே கூட வந்து கையெழுத்துப் போட்டிருப்பார். கிடைக்குமா கிடைக்காதா என்பது வேறு. அவர் இருந்தபோதே வைத்துக்கொள்வதா விற்பதா என்று ஒரு முடிவாவது எடுத்திருப்போம்.

இனி நான் சொல்லக் கூசுகிற பகுதி. 2023ஆம் ஆண்டு கடைமடைக்காரர்கள் யாருக்கும் மறக்காது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள், அக்டோபர் 10ஆம் தேதி தண்ணீர் இல்லை என்று மூடிவிட்டார்கள். சம்பாவை நேரடி விதைப்பாகப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை கொஞ்சம் வந்து பயிர் தலையெடுத்த நேரத்தில் நீலத் தாழைக்கோழி கூட்டம் கூட்டமாக இறங்கியது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நாட்டுக்கோழி அளவு இருக்கும், நீல உடம்பு, சிவந்த அலகு. குருத்தைக் கடித்து இழுத்து அடித்தண்டை மட்டும் தின்றுவிட்டு மீதியைச் சாய்த்துப் போட்டுவிடும். ஒரு ராத்திரியில் பத்துக்குழி வட்டமாகச் சாய்ந்து கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்தால் பீரோதான் கண்ணில் படும்.

அப்பா விட்டுப்போன தோட்டா நான்கு இருந்தது. புதிதாக வாங்க உரிமம் வேண்டும். இதை மாமா மகனிடம் புலம்பியபோதுதான் அவன் செல்போனில் ஒரு காணொளியைக் காட்டினான். அமெரிக்காவில் ஒருவர் பம்ப் துப்பாக்கியை, குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியாக மாற்றி மான் வேட்டைக்குப் போகிறார். "பாத்தியா மச்சான், தோட்டாவே வேணாம். கரிமருந்து, ஈயக்குண்டு, ஒரு கேப்பு. நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கி மாதிரி. நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்சும் கிடையாது" என்றான். கடைசியாகச் சொன்னதுதான் என்னை இழுத்தது. உரிமம் செத்துப்போன துப்பாக்கியை உரிமமே வேண்டாத துப்பாக்கியாக மாற்றிவிடலாம், பயிரையும் காப்பாற்றலாம், அப்பா பொருளும் வீட்டில் இருக்கும். மூன்று கவலைக்கும் ஒரே மருந்து போலத் தெரிந்தது. அவனுக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்காரர் வேறு ஊரில் இருந்தார். துப்பாக்கியைப் பார்க்காமலேயே "செஞ்சிரலாம், 20,000 ஆகும், முன்பணம் 12,000 கொடுங்க" என்றார். கொடுத்தேன். வட்டிக்கு வாங்கிய பயிர்க் காசு அது.

அந்தக் காணொளியில் உண்மை என்ன, நான் அதில் எதைப் பார்க்கவில்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் பல மாநிலங்களில் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கென்றே மான் வேட்டைக்குத் தனிப் பருவம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் பொறிக்கல் துப்பாக்கிக்கு, அதாவது கல் உரசும் பொறியில் மருந்து பற்றுகிற பழைய வகைக்கு மட்டும் என்றே சில வாரங்கள் உண்டு. அந்தப் பருவத்திலும் காட்டுக்குள் போக ஆசைப்பட்டுத்தான் அங்கே சிலர் இப்படி மாற்றுகிறார்கள். உரிமத்திலிருந்து தப்பிக்க இல்லை. மாஸ்பெர்க் 500 என்கிற பம்ப் துப்பாக்கிக்கு அந்தக் கம்பெனியே .50 அங்குல அளவில் வாய்வழிக் குழல் ஒன்றைச் செய்து விற்றது. முழுக் குழலையும் கழற்றிவிட்டு, தொழிற்சாலையில் அந்த மாடலுக்கென்றே செய்த வேறு குழலை மாட்டுவது அது. லேத்தில் பழைய குழலைக் கடைவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்றைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. பழங்காலத் துப்பாக்கிகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் வேறொரு துப்பாக்கியை மருந்து கெட்டிக்கிறதாக மாற்றினால் அந்த விலக்கு கிடையாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மாற்றிய பிறகும் அது துப்பாக்கிதான். ஆக, காணொளி எடுத்த ஊரிலேயே மாமா மகன் சொன்ன கணக்கு செல்லாது.

நம் நாட்டில் நிலைமை இன்னும் தெளிவு. நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பது ஊர்ப்பேச்சு. வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். சுடவே முடியாத, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்கு. ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையே 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுக்குள் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். உரிமம் இல்லாமல் மாற்றினால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் தண்டனை வரை போகலாம். உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருந்ததற்கு 2 முதல் 5 ஆண்டு. அந்த 12,000 ரூபாயை நான் எதற்காகக் கொடுத்திருக்கிறேன் என்று வக்கீல் எனக்கு விளக்கியபோது, வாயில் வைத்த தேநீர் இறங்கவில்லை. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஏழு ஆண்டு என்றால் நான் திரும்பி வரும்போது அவளுக்குப் பதின்மூன்று.

என்னைத் தடுத்தவர் அப்பாவோடு ராணுவத்தில் இருந்த ஒரு மாமா. மன்னார்குடிக்காரர், ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுது பார்க்கும் ஆர்மரராக இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர். 2023 ஐப்பசியில் அப்பாவின் முதலாண்டுத் திதிக்கு வந்திருந்தார். மறுநாள் துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது, அவரிடம் ஆலோசனை கேட்பதுபோல மெதுவாகச் சொன்னேன். வெற்றிலையை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "தம்பி, உங்கப்பா இருந்திருந்தா உன்னை அடிச்சிருப்பாரு" என்றார். பிறகு கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார்.

தோட்டாத் துப்பாக்கியில் வெடிக்கும் காற்று பின்பக்கமாகக் கசியாமல் அடைப்பது தோட்டாவின் கூடுதான் என்றார். பித்தளை அடியும் பிளாஸ்டிக் சுவரும் அந்த நொடியில் விரிந்து அறையோடு ஒட்டிக்கொள்ளும். கூடு இல்லாமல் வெறும் மருந்தைப் போட்டால் அந்த அடைப்பு இல்லை. சூடான காற்று பின்னால் பீறிட்டால் அங்கே இருப்பது சுடுகிறவனின் கண். குழலும் ஒரே கனம் கிடையாது. தோட்டா இருக்கும் அறைப் பக்கம் கனமாகவும், முன்னே போகப் போக மெல்லியதாகவும் இருக்கும். கெட்டித்த குண்டு மருந்தோடு ஒட்டி உட்காராமல் பாதியில் நின்றுவிட்டால், மெல்லிய இடத்தில் குழல் பிளக்கும். அந்த இடத்தில் இருப்பது இடது கை. "கை போனவங்களை நான் பார்த்திருக்கேன்பா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மருந்து விஷயம் அதைவிட மோசம். கரிமருந்து வேறு, தோட்டாவுக்குள் இருக்கும் புகையில்லா மருந்து வேறு. கரிமருந்து கிடைக்காதவன் தோட்டாவை உடைத்து அந்த மருந்தை அதே அளவில் கெட்டிப்பான். அது கரிமருந்தைப் போலப் பல மடங்கு அழுத்தம் கொடுக்கும், இந்த மாதிரிக் குழல் தாங்காது. பட்டாசு மருந்தைப் போடுகிறவர்களும் உண்டு. அதில் எவ்வளவு வேகம் இருக்கிறது என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. கரிமருந்தே சரியாகக் கிடைத்தாலும், அது விட்டுப்போகிற கசடு ஈரத்தை இழுக்கும். நம் உப்புக்காற்றில் இரண்டு நாள் துடைக்காமல் வைத்தால் உள்ளே துரு அரித்துவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே புற்று பிடித்திருக்கும்.

"தொழிற்சாலையிலேர்ந்து வர்ற ஒவ்வொரு குழலையும் அளவுக்கு மேல மருந்து வெச்சு வெடிச்சுப் பார்த்து முத்திரை குத்தித்தான் வெளிய விடுவாங்க. உன் பட்டறைக்காரன் எதை வெச்சுச் சோதிப்பான்? உன் தோளை வெச்சா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

துப்பாக்கி பட்டறைக்குப் போகவில்லை. முன்பணம் திரும்பி வரவும் இல்லை. கேட்டபோது, "சாமான் வாங்கிட்டேன்" என்றார் பட்டறைக்காரர். போய்ப் புகார் கொடுக்க முடியுமா? எந்த வேலைக்குக் கொடுத்த பணம் என்று சொல்வது? இந்த மாதிரிக் காரியத்தில் இறங்குகிறவனை ஏமாற்றுவது சுலபம், அவன் வாயைத் திறக்க மாட்டான் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியும்.

மாமா அன்றைக்கே சொன்னார், "நாளைக்கே ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிடு." நான் போகவில்லை. இதுதான் நான் செய்த பெரிய தப்பு, முன்பணம் கொடுத்ததைவிடப் பெரியது. ஓராண்டு தாமதமாகிவிட்டதே, போனால் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களோ என்ற பயம். இன்னும் ஒரு மாதம் போகட்டும், அறுவடை முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளினேன். ராத்திரியில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மனைவிக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லை. தாமதம் ஆனவர்கள் இதைப் படித்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: அவர்கள் கூப்பிடுவதற்கு முன் நீங்களாகப் போவதற்கும், கூப்பிட்ட பிறகு போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நான் ஐப்பசியில் போயிருந்தால் அப்பா இறந்த துக்கத்தில் தெரியாமல் இருந்துவிட்ட பிள்ளை. பங்குனியில் போனபோது, போன் போட்ட பிறகு வந்தவன்.

போன் வந்த அன்று முதலில் மாமாவிடம் பேசினேன், பிறகு ஒரு வக்கீலிடம். வக்கீல் சொன்ன முதல் வார்த்தை, "துப்பாக்கியைத் தொடாதீங்க, நீங்களா எடுத்துக்கிட்டுப் போகாதீங்க." உரிமம் இல்லாதவன் துப்பாக்கியோடு சாலையில் போனால் அதுவே தனிக் குற்றம். நாங்கள் முதலில் வெறுங்கையோடு போனோம். நடந்ததை ஒரு கடிதமாக எழுதி, அப்பாவின் இறப்புச் சான்று, உரிமப் புத்தகம், இத்தனை ஆண்டுத் தேர்தல் ரசீதுகள் எல்லாவற்றையும் வைத்து, வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளும்படி கேட்டோம். இன்ஸ்பெக்டர் கத்தினார். நியாயமான கோபம்தான். "கள்ளத்துப்பாக்கி வெச்சிருந்தவன் கதையும் உன் கதையும் எனக்கு ஒண்ணுதான்" என்றார். நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு அந்த ரசீதுக் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "உங்கப்பா ஒரு எலெக்ஷன்கூட விடலியே" என்றார், குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. சாயங்காலம் இரண்டு காவலர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தெருவே வாசலில் நின்றது. துப்பாக்கி எண், தோட்டா நான்கு, உறை ஒன்று என்று எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

அங்கே நான் கற்றவற்றைச் சொல்கிறேன். ஒப்படைத்தால் ரசீது கட்டாயம் வாங்குங்கள். அதில் துப்பாக்கியின் எண், தயாரிப்பு, தோட்டாக்களின் எண்ணிக்கை, தேதி எல்லாம் இருக்க வேண்டும். மிச்சத் தோட்டாவை வாய்க்காலில் வீசிவிடலாம் என்று ஒருவர் எனக்குச் சொன்னார். கேட்காதது நல்லதாகப் போயிற்று. வாங்கிய கணக்கு உரிமப் புத்தகத்தில் இருக்கிறது, இருப்புக் கணக்கு இடித்தால் அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் உரிமப் புத்தகம் 2018 கஜா புயலில் ஓடு பறந்து நனைந்து, மை பரவிப் பாதிப் பக்கம் படிக்கவே முடியாமல் இருந்தது. கணினிப் பதிவுக்குக் கொடுத்த தனி அடையாள எண் மட்டும் பின்னால் ஒட்டிய பக்கத்தில் தெளிவாக இருந்தது. அந்த எண் இல்லையென்றால் எங்கள் கதை இன்னும் இழுத்திருக்கும். ஏனென்றால் அப்பாவின் முதல் உரிமம் 1996இல் நாகப்பட்டினம் ஆட்சியர் அலுவலகத்தில் வாங்கியது. அடுத்த ஆண்டே திருவாரூர் தனி மாவட்டம் ஆகிவிட்டது. பழைய கோப்பைத் தேடி இரண்டு ஊருக்கும் நடந்தேன். இன்றைக்கே உங்கள் வீட்டு உரிமத்தின் எல்லாப் பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்த கேள்வி, வாரிசாக உரிமம் கேட்பதா, விற்பதா. கேட்கத்தான் முதலில் நினைத்தேன். வாரிசுச் சான்றிதழ், அக்கா தங்கை இருவரிடமும் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழி, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, வருவாய்த்துறை அறிக்கை, காவல்துறை அறிக்கை என்று வரிசை நீண்டது. அதற்கு மேல் எங்கள் ஊருக்கென்று ஒரு தடை இருந்தது. பக்கத்தில்தான் உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம். சரணாலயத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குள் புதிதாகத் துப்பாக்கி உரிமம் கொடுக்க வேண்டுமென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்று 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 34ஆம் பிரிவில் இருக்கிறது. வடுவூர், கோடியக்கரைப் பக்கம் இருப்பவர்களும் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி, "எதுக்குத் துப்பாக்கி?" என்று கேட்டார். தாழைக்கோழி என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். அந்தப் பறவையைச் சுட எவருக்கும் உரிமை இல்லை. துப்பாக்கி உரிமம் வேறு, வேட்டையாடும் உரிமை வேறு. அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அட்டவணையில் உள்ள உயிர்களை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. வயலில் மயில் இறங்குகிறதே என்று சுட்டால் அது முதல் அட்டவணை, 3 முதல் 7 ஆண்டு. உரிமத்துப்பாக்கியால் சுட்டாலும் அதே தண்டனைதான், உரிமமும் போகும். நான் எந்தக் காரணத்துக்காகத் துப்பாக்கியை மாற்றப் பார்த்தேனோ அந்தக் காரணமே சட்டத்துக்கு வெளியே இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது உறைத்தது. விண்ணப்பத்தை விட்டுவிட்டு, விற்க அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

வழக்குப் பதியவில்லை. அப்பாவின் பெயரும் அந்த ரசீதுகளும்தான் காரணம் என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் இப்படி முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். செலவைச் சொல்கிறேன். பட்டறைக்குப் போன 12,000. வக்கீலுக்கு 25,000. சான்றிதழ், நோட்டரி, நகல் என்று ஏறக்குறைய 4,000. திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி என்று பதினெட்டு நடை, ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் வேலை போனது. பங்குனி, சித்திரையில் உளுந்து காய் பழுத்து நின்றபோது நான் அலுவலக வாசலில் நின்றேன். வெயிலில் காய் வெடித்து மணி தரையில் கொட்டிவிட்டது. மூன்று மாவில் பாதிக்கு மேல் கைக்கு வரவில்லை. பணத்தில் அது இன்னொரு 20,000க்குக் குறையாது. அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை தொடங்கியதும் அந்த மாதத்தில்தான்.

தாழைக்கோழிக்கு இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்பவர்களுக்காக: நேரடி விதைப்பு முளைத்த முதல் நாற்பது நாள்தான் அதிகத் தொந்தரவு. வரப்பை ஒட்டி மண்டியிருந்த கோரையையும் சம்பையும் வெட்டி எடுத்துவிட்டோம், அதற்குள்தான் அது பகலில் ஒளிந்திருக்கும். மினுங்கும் நாடாவை முறுக்கிக் கட்டியிருக்கிறோம், காற்றில் அது உறுமும். விடிகாலையிலும் அந்தியிலும் நான்கைந்து வயல்காரர்கள் முறை வைத்துத் தகரம் தட்டுகிறோம். முழுக்க நிற்கவில்லை. பத்துக்குழி போன இடத்தில் மூன்று நான்கு குழி போகிறது. வட்டிக்கு வாங்கிப் பட்டறையில் கொடுத்த பணத்துக்கு அந்த நாடாவை ஊர் முழுக்கக் கட்டியிருக்கலாம்.

2024 ஆவணியில் ஆட்சியர் அலுவலக அனுமதி வந்தது. திருச்சியில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடைக்காரர் நிலையத்திலிருந்து முறைப்படி எடுத்துக்கொண்டார். நானும் மாமாவும் போயிருந்தோம். கடைக்காரர் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு குழலில் ஒரு எண், உடம்பில் ஒரு எண், புத்தகத்தில் ஒரு எண் என்று மூன்றையும் பார்த்தார். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே நெடுநேரம் பார்த்தார். "யாரும் கை வைக்கலை. துருகூட இல்லை. நல்லா வெச்சிருந்திருக்காரு" என்றார். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. 16,000 ரூபாய் கொடுத்தார். அதை மூன்றாகப் பிரித்து அக்காவுக்கும் தங்கைக்கும் அன்றைக்கே அனுப்பினேன். பேருந்து நிலையத்துக்கு வரும் வழியில்தான் மாமா வாயைத் திறந்தார், "தோள்வாரை மட்டும் கேட்டு வாங்கிட்டேன்பா, உங்கம்மாகிட்ட குடு" என்று ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார்.